ரவையும் தயிர் சாதமும்

என் தமக்கையின் பெண்ணுக்கு வயது 14. ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் வராததுமாக, "பாட்டி, எனக்கு ரவை வாங்கப் பணம் வேண்டும்" என்றாள். "உப்புமாவுக்கா, கேஸரிக்கா?" என்று கேட்டாள் என் தாயார். "துப்பாக்கிக்கு" என்றாள் பெண். அன்றிரவு எங்கள் வீட்டில் அந்தப் பெண்ணைத் தவிர வேறு யாரும் சரியாகத் தூங்கவில்லை.

மறுநாள் விசாரித்ததில் விஷயம் அவ்வளவு பயங்கரமானதல்ல என்று தெரிந்தது. காற்றின் அழுத்தத்தால் ஈய ரவையைச் செலுத்தும் கைத்துப்பாக்கியால், 10 மீட்டர் தூரத்திலுள்ள குறியைச் சுடும் பந்தயத்தில் பயிற்சி பெற அவள் பெயர் கொடுத்திருக்கிறாள். பத்துப் புள்ளி கிடைக்கும் நடுவட்டத்தின் குறுக்களவு 11.5 மில்லிமீட்டர், சட்டைப் பொத்தானை விடப் பெரிதல்ல. ஒரே கையை நீட்டி நின்றுகொண்டு அதை அடிக்க வேண்டும். சர்வதேசப் போட்டியானால் இப்படி 60 தடவை.

நமது வீடுகளில் துப்பாக்கி என்ற சொல்லுக்கே ஏன் இவ்வளவு நடுக்கம் என்று யோசித்துப் பார்த்தேன். இதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. 1878-ம் வருஷத்தில் லிட்டன் பிரபுவின் சர்க்கார் ஆயுதச் சட்டம் ஒன்றைச் செய்தது. லைசென்ஸ் இல்லாமல் இந்தியர் ஆயுதம் வைத்திருப்பது குற்றமாயிற்று; வெள்ளைக்காரர்களுக்கோ அந்தச் சட்டத்திலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. 1930 ஜனவரியில் மகாத்மா காந்தி வைஸ்ராய்க்கு முன் வைத்த 11 கோரிக்கைகளில், தற்காப்புக்காகத் துப்பாக்கி லைசென்ஸ் வழங்க வேண்டும் என்பதும் ஒன்று. அஹிம்சா மூர்த்தி துப்பாக்கி கேட்கலாமா என்று சிலருக்குத் திகைப்பு உண்டாகலாம். யாரையும் சுட வேண்டும் என்பதற்காக அவர் கேட்கவில்லை. ஒரு ஜனசமூகத்தையே நம்பத் தகாதவர்கள் என்று முத்திரை குத்தி வைத்திருந்தார்களே, அந்த அவமானம் போக வேண்டும் என்பதற்காகக் கேட்டார். சுதந்திரம் வந்த பிறகு, 1959-ல் நமது பார்லிமெண்டே புதிய ஆயுதச் சட்டத்தை இயற்றியது. நம்மை நம்பாதவர்கள் போய்விட்டார்கள். ஆனால் நாம் நம்பத் தகுந்தவர்கள் என்று காட்டும் வேலை நம்மிடமே இருக்கிறது. அந்த வேலை எங்கே ஆரம்பிக்கிறது என்பதை நான் ஒரு துணிப் பையிலிருந்து தெரிந்துகொண்டேன்.

முதல் நாள் பயிற்சிக்குப் பையைக் கட்டும் பொறுப்பை மாமாவாகிய நானே ஏற்றுக்கொண்டேன். என் சாமர்த்தியத்தைக் கேளுங்கள். காதில் வைத்துக்கொள்ளப் பஞ்சு ஒரு சுருள். வெயிலுக்குக் கறுப்புக் கண்ணாடி. கால் சறுக்காமலிருக்கக் கணுக்காலை மூடும் கனமான பூட்ஸு. இவற்றுடன் வாழையிலையில் கட்டிய தயிர் சாதப் பொட்டலம் ஒன்று. பையில் இடம் போதாமையால், பொட்டலத்தின் மேலேயே ரவை டப்பாவை அழுத்தி வைத்தேன்.

பயிற்சியாசிரியர் ராணுவத்தில் சுபேதாராயிருந்து ஓய்வு பெற்றவர். பையைத் திறந்தார். சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் வைத்தார். டப்பாவின் மூடி நெகிழ்ந்து, நாலைந்து ரவைகள் வாழையிலையில் ஒட்டிக்கொண்டிருந்தன. "இந்தப் பையைக் கட்டியவர் யார்?" என்று கேட்டார். நான் மௌனமாக இருந்தேன். என் மருமாள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஆனால் பார்வை என் பக்கம் திரும்பிவிட்டது.

"ஐயா, துப்பாக்கியால் வரும் ஆபத்தைப் பற்றி எல்லாரும் பயப்படுகிறார்கள். ஈயத்தால் வரும் ஆபத்தைப் பற்றி யாருக்கும் பயமில்லை" என்றார் அவர். அந்தப் பொட்டலம் குப்பைத் தொட்டிக்குப் போயிற்று.

அவர் சொன்னது உண்மை. ரவை ஈயத்தால் ஆனது. தொட்டால் விரலில் ஒட்டும். குறிப்பலகையில் மோதினால் தூசியாகும். வெடிமருந்துத் துப்பாக்கிகளின் புகையிலும் ஈயம் கலந்து வரும். அது உடம்பில் சேர்ந்தால் முக்கியமாகக் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இவ்வளவு வரை பாதகமில்லை என்று சொல்லத்தக்க அளவே கிடையாது என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் முடிவு. ஆகவே முதல் விதி யாதெனில், உணவும் ரவையும் ஒரே பையில் போகக் கூடாது. சுடுமிடத்தில் எதையும் தின்னக் கூடாது. பையின் வெளியறையில் ஒரு சோப்பும் துண்டும் இருக்கட்டும். பயிற்சி முடிந்ததும் கையையும் முகத்தையும் குளிர்ந்த தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே சோற்றைத் தொடலாம். வீட்டுக்கு வந்ததும் உடுப்பை மாற்றி, அதைத் தனியாகத் துவைப்பது உத்தமம்.

பிறகு சுபேதார், பையில் இருக்க வேண்டியவற்றை வரிசையாகச் சொன்னார். துப்பாக்கியைச் சுட வைக்கும் பொருள் எதுவும் அவருடைய ஜாபிதாவில் முதலில் வரவில்லை. சுடாமல் வைக்கும் பொருள்தான் முதலில் வந்தது. அது பளிச்சென்ற ஆரஞ்சு வர்ணத்தில் ஒரு நீளக் கயிறு. காற்றுத் துப்பாக்கியின் குழல் முழுவதும் அதை நுழைத்து, இரு முனையும் வெளியே தெரியும்படி வைக்க வேண்டும். உள்ளே ரவை இல்லை என்பதற்கு அதுவே சாட்சி. "காலியாய்த்தான் இருக்கிறது" என்று வாயால் சொல்வது சாட்சியல்ல. சுடும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் கயிறு குழலில்தான் இருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி.

இரண்டாவது, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி. இதற்கென்றே செய்த, எளிதில் உடையாத கண்ணாடியாயிருக்க வேண்டும். என்னுடைய கறுப்புக் கண்ணாடி அதற்கு உதவாது. அத்துடன், குறி பார்க்காத கண்ணுக்கு எதிரே தொங்கவிட ஒரு சின்ன மறைப்பு. கண்ணைச் சுளித்து மூடினால் முகம் முழுவதும் களைத்துப் போகும். இரண்டு கண்ணும் திறந்திருந்தால்தான் ஒரு மணிக்கு மேல் நின்று சுட முடியும்.

மூன்றாவது, காதுக் கவசம். காற்றுத் துப்பாக்கியின் ஓசை பெரிதல்ல. ஆனால் பக்கத்துக் கொட்டகையில் 0.22 அங்குலத் துப்பாக்கி வெடித்தால் அந்தச் சத்தம் 140 டெசிபலை எட்டக்கூடியது. செவிக்குள்ளிருக்கும் நுண்ணிய மயிரணுக்கள் ஒரு முறை செத்தால் மறுபடி முளைப்பதில்லை. நான் வைத்த பஞ்சு இதற்குக் கொஞ்சமும் போதாது. பெரிய வெடி நடக்கும் இடமானால், காதுக்குள் அடைப்பானும் மேலே கவசமும் இரண்டும் போட வேண்டும்.

நான்காவது, 4.5 மில்லிமீட்டர் ரவைகள், மூடி இறுகிய டப்பாவில். ஐந்தாவது, தட்டையான அடியுள்ள செருப்பளவான ஜோடு. கைத்துப்பாக்கிப் போட்டியில் கணுக்காலை மூடும் பூட்ஸுக்கு அனுமதியில்லை. ஆறாவது, ஒரு சிறு திருப்புளியும், குறிக்காட்டியின் திருகுக்கேற்ற ஆலன் சாவியும். ஏழாவது, அடையாளச் சீட்டும் மற்றக் காகிதங்களும். எட்டாவது, ஒரு நோட்டுப் புத்தகமும் பென்ஸிலும். அன்றைக்கு என்ன தப்புச் செய்தோம் என்பதை அன்றைக்கே எழுதி வைக்க வேண்டும். மறுநாள் எழுதினால் தப்பு எல்லாம் துப்பாக்கியின் மேல் போய்விடும். சொந்தத் துப்பாக்கி வைத்திருப்போர் காற்று உருளையில் பொறித்திருக்கும் தேதியையும் பார்த்துக்கொள்ள வேண்டும். செய்து 10 வருஷம் கடந்த உருளை சர்வதேசப் போட்டிக்குச் செல்லாது.

இந்தச் சில்லறைச் சாமான்களைப் பற்றி இவ்வளவு பேச்சா என்று நேயர்கள் நினைக்கலாம். துரோணர் கேட்டபோது அர்ஜுனனுக்குப் பறவை மட்டுமே தெரிந்தது என்று கதை கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அன்று காலையில் அவனுடைய வில்லின் நாணை யார் சோதித்தார்கள் என்று நாம் கேட்டதேயில்லை. 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக் பந்தயத்தில் ஸ்ரீமதி மனு பாக்கர் சுட்டுக்கொண்டிருக்கையில், கைத்துப்பாக்கியில் பழுது ஏற்பட்டது. அதைச் சரிசெய்வதிலேயே அருமையான நிமிஷங்கள் பல கழிந்தன. 575 புள்ளிகளுடன் 12-வது ஸ்தானம் கிடைத்தது. இறுதிச் சுற்று 2 புள்ளியில் தவறிப் போயிற்று. இதற்கு முந்தி, 2008-ல் பெய்ஜிங்கில் ஸ்ரீ அபினவ் பிந்த்ரா இறுதிச் சுற்றுக்குமுன் சோதனைக்காகச் சுட்டபோது, ரவை குறியை விட்டு வெகுதூரம் விலகி விழுந்ததாக அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். அவர் பதறாமல் குறிக்காட்டியைத் திருத்திக்கொண்டார். அன்று அவர் வென்றதுதான் தனிநபர் போட்டியில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் தங்கப் பதக்கம். மனு பாக்கரும் சோர்ந்துவிடவில்லை. 2024-ல் பாரிஸில் இரண்டு வெண்கலப் பதக்கம் பெற்றார். துப்பாக்கி சுடுதலில் ஒலிம்பிக் பதக்கம் வென்ற முதல் இந்தியப் பெண்மணி அவரே. 2004-லிருந்து 2024 வரையில் இந்தக் கலையில் நம் தேசம் பெற்ற ஒலிம்பிக் பதக்கங்கள் ஏழு. ஒரு காலத்தில் துப்பாக்கியைத் தொட லாயக்கில்லை என்று ஒதுக்கப்பட்ட ஜனங்களுக்கு இது சாமான்யமான பெருமையல்ல.

சுபேதார் கடைசியாக ஒன்று சொன்னார்: "இனிமேல் பையை அந்தக் குழந்தையே கட்டட்டும். தன் பையைத் தானே கட்டாதவர் கையில் நான் துப்பாக்கி கொடுப்பதில்லை."

அன்று முதல் எனக்கு அந்த உத்தியோகம் போயிற்று. இரவு பாடம் முடிந்ததும் அவள் தரையில் உட்கார்ந்து, நோட்டுப் புத்தகத்தைப் பார்த்து ஒவ்வொன்றாக எண்ணி வைப்பாள். நான் கிட்டே போனால் பையை இழுத்துக்கொள்வாள்.

ஆறு மாதம் கழித்து முதல் போட்டி வந்தது. பாதிப் போட்டியில், பக்கத்தில் நின்ற பெண்ணின் குறிக்காட்டித் திருகு தளர்ந்துவிட்டது. அந்தப் பெண் பையைத் துழாவினாள், சாவி இல்லை. கண்ணில் நீர் ததும்பிற்று. என் மருமாள் தன் துப்பாக்கியைக் கீழே வைத்து, கையை உயர்த்தி அதிகாரியை அழைத்து, அவர் அனுமதியுடன் தன் ஆலன் சாவியை எடுத்துக் கொடுத்தாள். முடிவில் அந்தப் பெண் ஒரு புள்ளி அதிகம் பெற்று மூன்றாவதாக வந்தாள். இவள் நான்காவது. பதக்கம் மூன்று பேருக்குத்தான்.

வீடு திரும்பும் வழியில் என் வாய் சும்மா இருக்கவில்லை. "நீ சாவியைக் கொடுக்காமலிருந்தால்..." என்று ஆரம்பித்தேன்.

"அவள் மறந்து வந்தது சாவியைத்தான் மாமா, சுடுவதையல்ல" என்றாள் அவள். அதற்குமேல் நான் பேசவில்லை.

அன்றிரவு அவள் பையைக் காலி செய்கையில், ஜாபிதாவில் இல்லாத பொருள் ஒன்று அடியில் கிடந்தது. சின்னஞ்சிறு காகிதப் பொட்டலம், உள்ளே விபூதி. எப்போது வைத்தாள் என்று தெரியவில்லை. என் தாயார் சமையலறையில் வெகு மும்முரமாக ரவை வறுத்துக்கொண்டிருந்தாள். பெண் அதைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, ஒன்பதாவது என்று எண்ணிட்டு அதையும் எழுதிக்கொண்டாள்.