ஜிகினா மையும் தாத்தா பேனாவும்



"ஆண்டு மலருக்கு ஏதாச்சும் எழுதிக் குடுறா மாப்ள" என்று நம் யூனியன் செயலாளர் கேட்டார். வழக்கம்போல 'நாளைய பாரதம் இளைஞர் கையில்' என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் கையில் எடுத்த பேனா தாளைக் கீறியது. அந்தக் கீறலுக்கு ஒரு கதை உண்டு. கூடவே என் தாழ்மையான கருத்து ஒன்றும் உண்டு.

என் தாத்தா சோழவந்தான் பக்கம் ஒரு அரிசி மில்லில் கணக்குப்பிள்ளை. அவர் வைத்திருந்தது கறுப்பு எபோனைட் பேனா. ரப்பரில் கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய கட்டையை லேத்தில் கடைந்து, மரை போட்டுச் செய்வது. 1932-ல் ராஜமுந்திரியில் தொடங்கிய ரத்னம் பேனாவும், நம் திருவள்ளூர் ரங்கா பேனாவும் இந்த வழியில் வந்தவைதான். ஒர்க்‌ஷாப்பில் லேத் முன்னால் நின்று கால் கடுத்த நமக்கு அந்த வேலையின் அருமை தெரியும். தாத்தா காலமான பிறகு அப்பாவிடம் இருந்தது. என் அட்மிஷன் பாரத்தில் அப்பா கையெழுத்துப் போட்டது அதில்தான். "இனிமே நீ வச்சுக்க" என்று கொடுத்தார்.

போன வருஷம் சிங்கப்பூரிலிருந்து அத்தை மகன் ஒரு மைக்குப்பி கொண்டுவந்தார். நீல மை, உள்ளே வெள்ளித்தூள். குலுக்கினால், சித்திரைத் திருவிழாவில் அழகருக்குச் சல்லடம் கட்டி ஆடுகிறவர் உடுப்பு மாதிரி மின்னியது! 'ஷிம்மர் இங்க்' என்கிறார்கள். நாங்கள் வைத்த பெயர் ஜிகினா மை. பிரான்சில் எர்பான் கம்பெனியின் தங்கத்தூள் பச்சை மையும், இங்கிலாந்தில் டயமின் கம்பெனியின் ஜிகினா மை வரிசையும் 2015-ல் வந்த பிறகு, பேனாப் பிரியர்கள் நடுவே இது பெரிய மோகமாகிவிட்டது.

நான் சும்மா இருப்பேனா? தாத்தா பேனாவில் பில்லரால் கழுத்து வரை ஊற்றினேன். ஹாஸ்டலே கூடிவிட்டது. "எனக்கு ஒரு கையெழுத்து போட்டுக் குடுறா" என்று ஆளாளுக்கு நோட்டை நீட்டினார்கள். அப்புறம் செமஸ்டர் வந்தது. பேனா மூன்று வாரம் அலமாரியில் கிடந்தது. திரும்ப எடுத்தால் ஒரு சொட்டு வரவில்லை. அவசரப்பட்டு நிப்பின் பிளவில் குண்டூசியை விட்டேன். போச்சு!

டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் பேனா ரிப்பேர் செய்யும் பெரியவரிடம் ஓடினேன். பார்த்ததுமே, "தம்பி, இது மையில்லப்பா, பெயிண்டு. நல்ல பேனாவக் கொன்னுபுட்டியே!" என்றார். நிப்பைக் கழற்றி இரவு முழுதும் தண்ணீரில் ஊறவைத்து, வளைந்த முனையை நிமிர்த்திக் கொடுத்தார். பேனா பிழைத்தது. கீறல் மட்டும் போகவில்லை.

பெரியவர் சொன்னது சரியா? பாதி சரி என்பேன். சாதா மை ஒரு கரைசல். சாயம் தண்ணீரில் கரைந்துவிடும். ஜிகினா மை அப்படியல்ல. அதிலுள்ள மினுமினுப்பு கரையாது, மிதக்கும். நாம் படித்த 'தொங்கல்' இதுதான். வைகையில் புதுவெள்ளம் வந்தால் கலங்கல் தண்ணியைக் குடத்தில் எடுத்து, தேத்தாங்கொட்டை உரசி வைப்பார்களே, அடியில் வண்டல் தங்குமே... அதேதான் என் பேனாவுக்குள் நடந்தது. நிப்புக்கு அடியில் இருக்கிற நாக்கில் மயிரிழை போல வாய்க்கால்கள் உண்டு. மை நுண்புழை விசையால் அதன் வழியேதான் இறங்குகிறது. வாய்க்காலில் வண்டல் சேர்ந்தால் கடைமடைக்குத் தண்ணீர் வருமா?

ஆகவே தப்பு மையினுடையது அல்ல, என்னுடையது. ஜிகினா மையை ஊற்றுப் பேனாவில் தாராளமாகப் போடலாம். ஆனால் முறை உண்டு. இதற்கென்று விலை குறைந்த பேனா ஒன்றைத் தனியாக வையுங்கள். நிப்பு பட்டையாக இருக்கட்டும். குப்பியை நன்றாகக் குலுக்கி, இரண்டு மூன்று நாளில் தீருமளவுக்கு மட்டும் ஊற்றுங்கள். எழுதுமுன் பேனாவை மெல்ல உருட்டுங்கள். தீர்ந்ததும் பச்சைத் தண்ணீரில் தெளிவாக வரும்வரை கழுவுங்கள். வெந்நீர், ஸ்பிரிட் வேண்டாம். மலிவுத் தாளில் மை ஊறிவிடும், மினுக்கம் தெரியாது. பரீட்சைத் தாளுக்கு நம்ம சாதா நீலமே போதும்.

இத்தோடு முடித்திருப்பேன். ஆனால் அந்த வெள்ளித்தூள் என்னவென்று தேடியபோது மனசு உறுத்தியது. இந்த மைகளில் பெரும்பாலும் மினுங்குவது மைக்கா. மேலே டைட்டானியம் டை ஆக்சைடு பூசியது. மைக்கா என்றால் வேறில்லை, சின்ன வயசில் ஆற்று மணலில் பொறுக்கி விளையாடினோமே, அதே காக்காப்பொன்! நமக்கு அது விளையாட்டு. ஜார்க்கண்ட், பீகார் பக்கம் அது பிழைப்பு. அங்கே அனுமதியில்லாத சுரங்கங்களில் குழந்தைகளும் காக்காப்பொன் பொறுக்குகிறார்கள். இரண்டே மாதத்தில் ஏழு குழந்தைகளாவது மண் சரிந்தும் மற்ற விபத்திலும் இறந்ததாக 2016-ல் தாம்சன் ராய்ட்டர்ஸ் பவுண்டேஷன் வெளியிட்டது. மறு ஆண்டே, குழந்தை உழைப்பில்லாத மைக்காவுக்காகக் கம்பெனிகள் சேர்ந்து 'ரெஸ்பான்சிபிள் மைக்கா இனிஷியேட்டிவ்' என்ற கூட்டமைப்பைத் தொடங்கின. ஆலையில் செய்யும் செயற்கை மைக்காவும் இருக்கிறது.

என் குப்பியில் எந்த ஊர் மைக்கா என்று எழுதியிருக்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஒரு பேனாவின் உழைப்பை மதிக்காமல் கெடுத்தேன். மினுக்கத்துக்குப் பின்னால் யார் உழைப்பு என்றும் யோசிக்காமல் எழுதினேன். இரண்டும் ஒரே தப்புதான். அழகை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை நண்பர்களே! விற்கிறவரிடம் "இது எங்கிருந்து வந்த மைக்கா?" என்று ஒரு கேள்வி. மாணவர் சங்கம் என்று ஒன்று வைத்துக்கொண்டு, நாம் கேட்காமல் யார் கேட்பது?

பேனா கெட்ட விஷயத்தை அப்பாவிடம் மறைத்துத்தான் வைத்திருந்தேன். ஒருநாள் ரேஷன் கார்டு மனுவில் கையெழுத்துப் போட வாங்கினார். கீறியது. நிப்பைத் திருப்பிப் பார்த்தார். "கழுவி வைக்கலையாப்பா?" என்று மட்டும் கேட்டார். இப்போது ஞாயிறு தவறாமல் கழுவுகிறேன்.

வாங்குமுன் கேட்போம்! ஊற்றுமுன் குலுக்குவோம்! எழுதியபின் கழுவுவோம்!

— மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை