ஒரு முறை எழுதுவோம், பல முறை அழைப்போம்!



கம்ப்யூட்டர் லேப்பில் ‘விம்’ எடிட்டரைத் திறந்ததும் நமக்குத் தேவைப்படுவது வரி எண். “28-வது வரியில் பிழை” என்று கம்பைலர் சொன்னால் அங்கே போகணுமே! மற்ற நேரம் அது வேண்டாம். ஒரே கீயை அழுத்தினால் வரணும், மறுபடி அழுத்தினால் போகணும். இதுதான் ‘டாகிள்’.

நான் என்ன செய்தேன் தெரியுமா? வரி எண்ணுக்கு ஒரு ஃபங்ஷன், ஸ்பெல்லிங் பார்க்க ஒன்று, நீள வரியை மடிக்க ஒன்று, தேடிய சொல்லைப் பளிச்சென்று காட்ட ஒன்று. நான்கும் காப்பி, பேஸ்ட்! ஸ்பெல்லிங் ஃபங்ஷனுக்குள் பெயரை மாற்ற மறந்துட்டேன். ஸ்பெல்லிங் கீயை அழுத்தினா வரி எண் காணாமப் போச்சு. காரணம் தேடியே பாதி பீரியட் வீண். புரோகிராமும் முடியல.

என் கருத்து இதுதான்: நான்கு வேண்டாம், ஒன்றே போதும். எதை மாற்றணுமோ அதன் பெயரை மட்டும் ஃபங்ஷனுக்குக் கொடுத்தால் போதும். புதுச்சேரியில் போடும் ஓர் உத்தரவு நம் காரைக்காலுக்கும் மாகே, ஏனாமுக்கும் வருவதில்லையா? ஊருக்கு ஒன்றாகவா எழுதுகிறார்கள்?

“செட் நம்பர்னு அடிச்சு ஆச்சரியக்குறி போட்டாலே மாறிடுமே, அதுக்கு எதுக்குடா ஃபங்ஷன்?” என்றான் நண்பன். நியாயமான கேள்வி. ஆனால் கரண்ட் போன நேரத்தில் மாடிப்படி ஸ்விட்சை நாலு தடவை தட்டினால், லைட் ஆனா ஆஃபா என்று யாருக்குத் தெரியும்? ஸ்பெல்லிங்கும் அப்படித்தான். மாற்றிய பிறகு, அதே கட்டளையை ஆச்சரியக்குறிக்குப் பதில் கேள்விக்குறியோடு கொடுத்தால், இப்போதைய நிலையை விம் கீழே காட்டும். இந்த வரியை நான்கு இடத்தில் சேர்ப்பதா, ஓரிடத்தில் சேர்ப்பதா? நீங்களே சொல்லுங்கள்.

ஒன்றை மறக்கக் கூடாது. ஆன், ஆஃப் என்று இரண்டே நிலை உள்ளவற்றுக்குத்தான் இது சரி. டேப் அளவு போல எண் உள்ளவற்றுக்கு ஒத்து வராது. அதற்கு இரண்டு எண்களையும் கொடுத்து மாற்றும் வேறொரு ஃபங்ஷன் எழுதணும்.

நெதர்லாந்துக்காரரான பிராம் மூலனார் விம்மை 1991-ல் வெளியிட்டார். 1998-ல் வந்த 5.0 பதிப்பில் இந்த ஸ்கிரிப்ட் மொழி சேர்ந்தது. 2023-ல் அவர் மறைந்தார். அவர் எழுதியதை நாம் இன்றும் பயன்படுத்துகிறோம். நாம் எழுதுவது அடுத்த பீரியடுக்காவது உதவ வேண்டாமா?

ரெக்கார்டு நோட்டைக் காப்பி அடித்தால் மார்க் வரலாம். புரோகிராமைக் காப்பி அடித்தால் பிழையும் கூடவே வரும். சிந்திப்போம்!

– பதினோராம் வகுப்பு மாணவன், காரைக்கால்