மெஷினுக்கு முப்பத்தாறாயிரம், அரைக்க மட்டும் மிக்ஸியா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எஸ்பிரெஸ்ஸோ மெஷின் வாங்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. காபிக்கொட்டை அரைக்கிற கிரைண்டர் இல்லாமல் எஸ்பிரெஸ்ஸோ மெஷின் வாங்காதீர்கள் என்றுதான் சொல்ல வருகிறேன். இரண்டில் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால், கண்ணை மூடிக்கொண்டு கிரைண்டரை வாங்குங்கள். பதிவின் சாரம் இவ்வளவுதான். ஆபீசுக்கு நேரமாகிறவர்கள் இத்தோடு கிளம்பலாம் :-)

மற்றவர்கள் உட்காருங்கள், கொஞ்சம் சண்டை போடலாம்.

தீபாவளி வந்தாலும் வராவிட்டாலும் ஆன்லைன் கடைகளில் தள்ளுபடி வந்துவிடுகிறது. இங்கே அகமதாபாத்தில் எனக்குத் தெரிந்த நம்மூர்க் குடும்பங்களில் வருஷத்துக்கு இரண்டு வீட்டிலாவது பளபளவென்று ஒரு எஸ்பிரெஸ்ஸோ மெஷின் வந்து இறங்குகிறது. மூன்று மாதம் கழித்துப் போனால் அது ஃபிரிட்ஜ் மேலே துணி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அடுப்பு மேடையில் பழைய ஃபில்டர்தான் வேலை பார்த்துக்கொண்டிருக்கும். என்ன ஆச்சு என்று கேட்டால் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "டேஸ்ட் வரலை சார்."

எப்படி வரும்? மெஷினுக்கு ஆயிரம் ஆயிரமாகக் கொட்டிவிட்டு, அதற்குள் போடுகிற பொடியைப் பற்றி ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லையே!

ஊரைவிட்டு வந்தபோது நாம் எதை இழந்தோம் என்று நிதானமாக யோசித்துப் பாருங்கள். ஃபில்டரைக் கையோடு கொண்டு வந்துவிட்டோம். டபரா செட்டும் வந்துவிட்டது. வராதது தெருமுனைக் காபிப்பொடிக் கடை. அங்கே கொட்டையை நம் கண்ணெதிரே அரைத்து, சூடு ஆறுவதற்குள் பொட்டலம் கட்டிக் கொடுப்பார்கள். அதற்கு முந்தைய தலைமுறையில் பல வீடுகளில் மேஜை விளிம்பில் முடுக்கி வைத்த கை மெஷின் இருந்தது. அன்றன்றைக்கு வேண்டியதை அன்றன்றைக்கே அரைத்தார்கள். மும்பையில் இருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள், மாட்டுங்கா இருக்கிறது. மற்ற ஊர்களில் அரைத்துக் கொடுக்க ஆள் இல்லை. ஆக, நமக்குக் குறைவது அரவை. நாம் வாங்குவதோ ஆவி விடுகிற பெட்டி.

இனி, வழக்கமாக என்னிடம் சொல்லப்படும் வாதங்களுக்கு ஒவ்வொன்றாக வருகிறேன்.

"20 பார் மெஷின் சார், அதுவே பார்த்துக்கும்!"

பார்த்துக்காது. எஸ்பிரெஸ்ஸோவுக்குத் தேவையான அழுத்தம் சுமார் 9 பார். மிலானில் அக்கீலே காஜியா 1940களில் நெம்புகோல் மெஷின் கொண்டுவந்த காலத்திலிருந்தே ஏறக்குறைய இதுதான் கணக்கு. அட்டைப்பெட்டி மேல் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் 15, 20 எல்லாம், தண்ணீர் வெளியே போக வழியே இல்லாதபோது அந்த பம்ப் தள்ளக்கூடிய உச்ச அளவு. ஸ்கூட்டர் ஸ்பீடாமீட்டரில் 140 வரை எண் இருப்பது மாதிரி. அதை வைத்து வண்டியை எடை போடுவீர்களா?

வீட்டு மெஷினில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். பொதுவான கணக்கு இது: 18 கிராம் பொடி, 90 முதல் 96 டிகிரி சூட்டில் தண்ணீர், 25 முதல் 30 விநாடி, கோப்பையில் 36 கிராம் டிகாக்ஷன். அந்தத் தண்ணீரைத் தடுத்து நிறுத்துவது எது? பொடி மட்டும்தான். கொரகொரவென்று இருந்தால் பத்தே விநாடியில் ஓடிவிடும், புளிக்கும். மாவாக இருந்தால் சொட்டுச் சொட்டாக இறங்கும், கசக்கும். இதைச் சரிசெய்யும் திருகு எஸ்பிரெஸ்ஸோ மெஷினில் கிடையாது. கிரைண்டரில்தான் இருக்கிறது.

இது கம்பெனிக்காரர்களுக்கும் தெரியும். அதனால்தான் விலை குறைந்த மெஷின்களோடு இரட்டை அடி பாஸ்கெட் ஒன்றைக் கொடுக்கிறார்கள். அடியில் ஊசிமுனை அளவு ஒரே ஓட்டை. எந்தப் பொடியைப் போட்டாலும் அந்த ஓட்டையே அழுத்தத்தை உண்டாக்கி நுரையைக் கிளப்பிவிடும். மேலே பார்த்தால் அழகான க்ரீமா. குடித்தால் சூடான தண்ணீர். உண்மையான க்ரீமா, புதிதாக வறுத்த கொட்டைக்குள் இருக்கும் கரியமில வாயுவும் எண்ணெயும் அழுத்தத்தில் சேர்ந்து வருவது. ஓட்டையால் வருகிற நுரைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

"மிக்ஸியிலேயே அரைச்சுக்கலாமே?"

மிக்ஸி அரைக்காது, வெட்டும். பிளேடு சுற்றுகிறது, எது மாட்டுகிறதோ அது உடைகிறது. பாதி தூசி, பாதி ரவை. அதே 18 கிராமுக்குள் தூசி கசந்துகொண்டிருக்கும், ரவை புளித்துக்கொண்டிருக்கும். பர் கிரைண்டரில் பல்வைத்த இரண்டு உலோகத் துண்டுகளுக்கு நடுவே கொட்டை நசுங்கி, இடைவெளி எவ்வளவோ அந்த அளவில்தான் கீழே விழுகிறது. இடைவெளியை நாம் மாற்றலாம். வித்தியாசம் இவ்வளவுதான், ஆனால் எஸ்பிரெஸ்ஸோவில் எல்லாமே இதுதான். இட்லி மாவுக்குக் கிரைண்டர்தான் வேண்டும், மிக்ஸி ஆகாது என்று பிடிவாதம் பிடிக்கும் வீடுகளில் இதை நான் விளக்க வேண்டியிருப்பதுதான் வேடிக்கை!

"ஊரிலிருந்து பொடி வருதே?"

வரட்டும், ஃபில்டருக்குப் போடுங்கள். எஸ்பிரெஸ்ஸோவுக்கு வேண்டாம். காரணம் இரண்டு. ஒன்று, அரைத்த பொடியின் மணம் அரைத்த நிமிஷத்திலிருந்தே போக ஆரம்பிக்கிறது. கூரியரில் நாலு நாள், டப்பாவில் ஒரு மாதம் என்றால் மிச்சம் என்ன இருக்கும்? கொட்டையாக இருந்தால் வறுத்த நாளிலிருந்து ஒரு மாதம் தாராளமாகத் தாங்கும். இரண்டு, சிக்கரி. காபி-சிக்கரி கலவையில் 49 சதவீதம் வரை சிக்கரி இருக்க நம் உணவுச் சட்டமே அனுமதிக்கிறது. பாக்கெட்டில் சின்ன எழுத்தில் போட்டிருக்கும், படித்துப் பாருங்கள். சிக்கரி என்பது தண்ணீரில் கரைகிற ஒரு வேர். ஃபில்டர் டிகாக்ஷனுக்கு அது திடம் கொடுக்கும், நான் அதற்கு எதிரி இல்லை. ஆனால் அதை மெஷினில் போட்டு எஸ்பிரெஸ்ஸோவை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

ஃபில்டர் காபிக்குச் சிக்கரி வேண்டுமென்றால் தனியாக வாங்கி, அரைத்த பிறகு 80:20 கலந்துகொள்ளுங்கள். தயவுசெய்து கிரைண்டருக்குள் போடாதீர்கள்.

"நோ காஸ்ட் ஈஎம்ஐ சார், கைக்காசு போகலையே!"

இதைக் கேட்டால்தான் எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறும். இருபது வருஷமாகக் கடன் கொடுக்கிற வேலையில் இருப்பவன் சொல்கிறேன், வட்டியில்லாக் கடன் என்று ஒன்று இல்லை. பூஜ்ய சதவீத வட்டி என்ற பேச்சே சரியில்லை என்று ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பரில் சுற்றறிக்கை விட்டது. அதற்குப் பிறகு பெயர்தான் மாறியது.

ஒரு உதாரணம். 36,000 ரூபாய் மெஷின், மாதம் 3,000 வீதம் 12 மாதம், வட்டி 15 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்குப்படி உங்கள் கடன் சுமார் 33,240. மீதி 2,760 வட்டி. அந்த வட்டி அளவுக்குக் கடை உங்களுக்குத் தள்ளுபடி காட்டியிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் வட்டி மீது 18 சதவீத ஜிஎஸ்டி, அது ஒரு 497, உங்கள் தலையில். பிராசசிங் கட்டணம் தனி, அதற்கும் ஜிஎஸ்டி. மொத்தம் ஐந்நூறு முதல் எழுநூறு, எண்ணூறு வரை போகும். பெரிய தொகை இல்லைதான். என் கோபம் தொகை மேல் இல்லை. "மாசம் மூவாயிரம்தானே" என்ற அந்தத் "தானே" மேல்தான். பதினைந்தாயிரத்தோடு நின்றிருக்க வேண்டியவரை முப்பத்தாறுக்கு இழுத்துக்கொண்டு போவது அந்த வார்த்தைதான்.

சரி, பி.காம். படித்தவன் என்ற முறையில் இன்னொரு கணக்கு. மெஷின் ஒருமுறைச் செலவு. கொட்டை தினச் செலவு. நல்ல கொட்டை கிலோ 1,600 என்று வைத்தால் 18 கிராமுக்குக் கிட்டத்தட்ட 29 ரூபாய். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கு நாளைக்கு 58. வருஷத்துக்கு 21,000 ரூபாய்! இரண்டு வருஷத்தில் மெஷின் விலையைத் தாண்டிவிடும். இந்த 21,000 ரூபாய்ச் சரக்கு ருசியாகக் கோப்பைக்கு வருமா, வாஷ்பேசினுக்குப் போகுமா என்று தீர்மானிப்பது கிரைண்டர். அதில் போய் மிச்சம் பிடிப்பேன் என்பது, தங்கத்தை வாங்கி ஓட்டை டிராயரில் வைப்பது போல.

இன்னும் ஒன்று. நம்மில் பலர் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை டிரான்ஸ்பர் ஆகிறவர்கள். கை கிரைண்டர் தோள்பையில் வரும், எந்த ஊரிலும் வேலை செய்யும், கழற்றித் துடைத்து மாட்டினால் போதும். மின்சார மெஷினோ மூவர்ஸ் லாரியில் வரவேண்டும். ராஞ்சியிலோ ராய்ப்பூரிலோ பழுதானால், சர்வீஸ் சென்டர் எங்கே என்று முதலில் தேடுங்கள், பிறகு வாங்குங்கள். கிரைண்டரும் மெஷினும் ஒன்றாகச் சேர்ந்தே வரும் மாடல்களை நான் சிபாரிசு செய்யாததற்கும் இதுதான் காரணம். ஒன்று படுத்தால் இரண்டும் படுத்துவிடும்.

"கையால் சுத்த யாரால முடியும்?" என்பது நியாயமான கேள்வி. 18 கிராம் அரைக்க ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம் ஆகும். மணிக்கட்டு வலிக்காரர்களும் வயதானவர்களும் மின்சார பர் கிரைண்டருக்குப் போகட்டும். ஆனால் பொங்கலன்று எட்டுப் பேர் வந்தால் எஸ்பிரெஸ்ஸோ மெஷினும் கைவிட்டுவிடும் என்பதை மறக்க வேண்டாம். ஒற்றை பாய்லர் மெஷினில் டிகாக்ஷன் இறக்கி, சூடு ஏறக் காத்திருந்து, பாலை நுரைத்து, மறுபடி ஆறவிட்டு... எட்டாவது ஆள் கிளம்பிப் போயிருப்பார். அன்றைக்குப் பெரிய ஃபில்டர்தான் தெய்வம். அதற்கும் அதே கிரைண்டரில் அரைக்கலாம், கொஞ்சம் தளர்த்தினால் போதும்.

என் பட்ஜெட் இதோ. விலைகள் ஏறும், இறங்கும், விகிதத்தைப் பாருங்கள்.

1. பத்தாயிரத்துக்குள்: மின்சார மெஷின் பக்கமே போகாதீர்கள். உலோகப் பல் உள்ள கை பர் கிரைண்டர் ஒன்று. கூடவே வீட்டில் இருக்கும் ஃபில்டர், அல்லது ஒரு மோக்கா பாட். மோக்கா பாட்டின் அழுத்தம் ஒன்று, இரண்டு பார்தான், அதில் வருவது எஸ்பிரெஸ்ஸோ இல்லை. ஆனால் பால் சேர்த்துக் குடிப்பவர்களுக்கு அருமை.

2. இருபத்தைந்தாயிரம்: எஸ்பிரெஸ்ஸோவுக்கென்றே நுணுக்கமான படிகள் உள்ள கை கிரைண்டருக்குப் பத்தாயிரம். டைம்மோர் சி3 இஎஸ்பி, கிங்ரைண்டர் கே6 மாதிரியானவை. மீதியில் ஒரு சின்ன 51 மி.மீ. மெஷின். அதற்கு ஒற்றை அடி பாஸ்கெட்டைத் தனியாக வாங்கி மாட்டுங்கள். 0.1 கிராம் காட்டும் தராசு கட்டாயம், ஆயிரத்துக்குள் கிடைக்கும்.

3. ஐம்பதாயிரம்: பாதிக்குப் பாதி. 58 மி.மீ. போர்ட்டாஃபில்டர் உள்ள மெஷின் அகப்பட்டால் விடாதீர்கள், கடைகளில் வைத்திருக்கும் பெரிய மெஷின்களின் அளவு அது. உதிரிப்பாகம் சுலபமாகக் கிடைக்கும்.

எந்தப் பட்ஜெட்டாக இருந்தாலும் நூற்றுக்கு நாற்பது கிரைண்டருக்கு. அதற்குக் கீழே போகிறவர்கள் மெஷினே வாங்க வேண்டாம், ஃபில்டரோடு சந்தோஷமாக இருங்கள்.

ஏற்கெனவே வாங்கி ஃபிரிட்ஜ் மேல் ஏற்றி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதை ஓஎல்எக்ஸில் பாதி விலைக்குத் தள்ளாதீர்கள். முதலில் ஒரு கிரைண்டரும் வறுத்த தேதி போட்ட கால் கிலோ கொட்டையும் வாங்குங்கள். ஒரு வாரம் விடாமல் போட்டுப் பாருங்கள். அதற்கும் டேஸ்ட் வரவில்லை என்றால் வந்து திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

பி.கு.: அகமதாபாத், டெல்லி மாதிரி உப்புத் தண்ணீர் ஊர்க்காரர்கள் குழாய்த் தண்ணீரை மெஷினில் ஊற்றாதீர்கள். உள்ளே சுண்ணாம்பு படிந்து சீக்கிரமே மூச்சு முட்டும். சுத்திகரித்த தண்ணீர்தான் நல்லது. அப்புறம், பிளக் 16 ஆம்பியரா என்றும் பார்த்துவிடுங்கள்.