30 நாளுக்குள் பார்த்தால் கண் தப்பும்!
குறைமாதக் குழந்தைகளுக்குத் தொடாமலே படம் பிடிக்கும் கேமரா

சேலம்,
குறைமாதத்தில் பிறந்த குழந்தையை இன்குபேட்டரில் வைத்துக் காப்பாற்றி விடுகிறார்கள். தாயும் சேயும் நலம் என்று வீட்டுக்கும் அனுப்பி விடுகிறார்கள். ஆனால், கண்ணை யார் பார்ப்பது? சேலம், நாமக்கல் பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

என்ன நோய்?

விழித்திரையின் ரத்தக் குழாய்கள், பேறுகாலம் நெருங்கும்போதுதான் முழுசாக வளர்ந்து முடியும். முன்பே பிறந்தால் வளர்ச்சி பாதியில் நிற்கும். ஆக்சிஜனும் அளவு மீறினால், குழாய்கள் தாறுமாறாக வளர்ந்து விழித்திரையை இழுத்துப் பிய்த்து விடும். வெளியே பார்த்தால் கண் பளிச்சென்று இருக்கும். பெற்றவளுக்கே தெரியாது!

34 வாரத்துக்கு முன் பிறந்த, அல்லது 2 கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளை 30 நாளுக்குள் கண் டாக்டர் பார்க்க வேண்டும். 28 வாரத்துக்கு முன் பிறந்தாலோ, 1,200 கிராமுக்குக் குறைந்தாலோ, 2 அல்லது 3 வாரத்திலேயே பார்க்க வேண்டும். நேரத்தில் லேசர் சிகிச்சை கொடுத்தால் பெரும்பாலும் பார்வை தப்பும்.

ரூ.1.80 கோடி

சென்னையில் ஒரு அரசு ஆஸ்பத்திரியில் 1996-ல் 29-வது வாரத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. கண் சோதனை பற்றிப் பெற்றோரிடம் யாரும் சொல்லவில்லை. பார்வை போயிற்று. 2015 ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டு சுமார் ரூ.1.80 கோடி நஷ்டஈடு வழங்கத் தீர்ப்பளித்தது. பணம் வந்தாலும் பார்வை வருமா?

தொடாத கேமரா

வழக்கமான கேமராவில், கண் மேல் ‘ஜெல்’ தடவி லென்சை வைத்து அழுத்த வேண்டும். பிஞ்சு உடம்பு தாங்காமல் நாடித்துடிப்பு குறையலாம். புது முறையில் லேசர் ஒளியே விழித்திரையை வருடிப் படம் எடுத்து விடும். லென்ஸ் கண்ணில் படாது. குழந்தையைக் குப்புறத் தாங்கி எந்திரத்தின் முன் பிடித்துக் கொள்கிறார்கள்.

குறையும் உண்டு. பெரிய எந்திரம், இன்குபேட்டர் பக்கம் கொண்டு போக முடியாது. விழித்திரையின் ஓரம் சில சமயம் படத்தில் விழாது. டாக்டர் சோதனையை விட்டுவிட முடியாது.

பக்கத்து மாநிலம்

கர்நாடகத்தில் 2008 முதல் பெங்களூர் நாராயண நேத்ராலயா வேறு வழி கண்டது. பயிற்சி பெற்ற ஊழியர்கள் கேமராவோடு மாவட்ட ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறார்கள். படத்தைப் பெங்களூரில் டாக்டர் பார்த்துச் சொல்கிறார். அது தொடும் கேமராதான். ஆனால் டாக்டர் இல்லாத ஊருக்கும் சோதனை போகிறது.

இங்கே நிலைமை என்ன? கொல்லிமலைத் தாய், 70 கொண்டை ஊசி வளைவு இறங்கி வர வேண்டும். விசைத்தறிக்காரருக்கு ஒரு நாள் கூலி போகும். அப்படியும் வருவார்கள், தேதி தெரிந்தால்! டிஸ்சார்ஜ் சீட்டில் கண் சோதனைத் தேதியை எழுதிக் கொடுக்கக் கேமரா எதற்கு? ஒரு பேனா போதும். எழுதவில்லையா? பெற்றோர் கேட்டு வாங்க வேண்டும்.