ஒரே வெள்ளி... ரெண்டு ரிசல்ட்!

'காசில்லாம எடுத்தா படம் ஓடாது மச்சி!' - ஷார்ட் ஃபிலிம் கனவோட சுத்துற எந்த காலேஜ் கேங்கைக் கேட்டாலும் இந்தப் புலம்பல் வரும். நிஜமாவே பட்ஜெட்தான் வில்லனா? பார்த்துடலாம், வாங்க மக்கா!

2024, ஆகஸ்ட் 23. ஒரே வெள்ளிக்கிழமையில ரெண்டு சின்னப் படம் ரிலீஸ். மாரி செல்வராஜோட 'வாழை', பி.எஸ்.வினோத்ராஜோட 'கொட்டுக்காளி'. ரெண்டுலயும் பறந்து அடிக்கிற ஹீரோ கிடையாது, ஃபாரின் டூயட் கிடையாது. ரெண்டுமே கிராமம், ரெண்டுமே வலி. 'கொட்டுக்காளி' பெர்லின் பட விழா வரைக்கும் போயிட்டு வந்தது. தயாரிப்பு சிவகார்த்திகேயன், ஹீரோ சூரி. ஆனா, தியேட்டர்ல கூட்டம் சேர்த்தது 'வாழை'!

'உங்க ஊரு படம்... நீங்க தூக்கி வெச்சுதான் பேசுவீங்க'னு சொல்லாதீங்க. திருச்செந்தூர்ல ரயில் ஏறினா ஸ்ரீவைகுண்டம் பக்கம் வாழைத் தோட்டமாத்தான் வரும். எங்களுக்கு அது பழகின பச்சை. ஆனா, ஒரு தாரைக்கூட தோள்ல தூக்காத சென்னைக்காரங்களும்ல அழுதாங்க!

காரணம் சிம்பிள். 'வாழை' நம்மளை முதல்ல சிரிக்க வைக்குது. ரஜினி - கமல் சண்டை, டீச்சர் மேல பாசம், லீவு நாள்ல காய் சுமக்கப் போகாம எஸ்கேப் ஆகத் துடிக்கிற பய... இப்படி சிவனணைஞ்சான் நம்ம வீட்டுத் தம்பியாவே ஆகிடுறான். அதுக்கப்புறம்தான் அந்த லாரி கவிழுது. தெரியாதவங்க சாவு செய்தி. தெரிஞ்சவங்க சாவு துக்கம். அவ்வளவுதான் வித்தியாசம்.

'கொட்டுக்காளி' ரூட்டே வேற. பின்னணி இசை கிடையாது. ஆட்டோ சத்தம்தான் மியூசிக். வேற சாதிப் பையனைக் காதலிச்ச மீனாவுக்குப் 'பேய் பிடிச்சிருக்கு'னு சாமியார்கிட்ட கூட்டிட்டுப் போறாங்க. அவ கிட்டத்தட்ட வாயே திறக்கல. முடிவையும் நம்ம கையில கொடுத்துட்டு கிளம்பிடுறார் டைரக்டர். செம தில்லு! ஆனா, மூணு மாசம் முன்னாடி 'கருடன்'ல சூரியைப் பார்த்து விசிலடிச்சவன் அதே மூட்ல உள்ள வந்தா, இடைவேளைக்கு முன்னாடியே நெளியத்தான் செய்வான். தப்பு படத்துல இல்ல. 'இது வேற மாதிரி படம்'னு அவனுக்கு யாரும் உறைக்கிற மாதிரி சொல்லல.

வினோத்ராஜோட முதல் படம் 'கூழாங்கல்' 2021-ல ராட்டர்டாம் விழாவுல டைகர் விருது வாங்கி, ஆஸ்கருக்கும் இந்தியா சார்பா போச்சு. ஆனா, நம்ம ஊர் ஆடியன்ஸ் பார்த்தது 2023-ல, நேரா ஓடிடி-யில! ஸோ, தியேட்டர்ல தோக்கறது வேற, சினிமாவா தோக்கறது வேற பாஸ்.

பாலம் கட்டுறதுக்கு முன்னாடி, மேல எவ்வளவு லோடு போகும்னு கணக்கு போடுறோம்ல? சின்னப் படத்துக்கும் அதேதான். 'யார் பார்க்கப் போறாங்க, எங்க பார்க்கப் போறாங்க'ங்கிற கணக்கு ஸ்கிரிப்ட்லயே இருக்கணும். மௌனத்தை வெட்டணும்னு சொல்லல. ஆளைக் கைபிடிச்சு அந்த மௌனத்துக்குள்ள கூட்டிட்டுப் போங்கனுதான் சொல்றேன்.

நமக்கும் ஒரு வேலை இருக்கு. பெரிய படத்துக்கு கட்-அவுட் இருக்கு. சின்னப் படத்துக்கு நம்ம வாய் மட்டும்தான். 2018-ல மணிரத்னத்தோட 'செக்கச்சிவந்த வானம்' வந்த மறுநாளே வந்து 'பரியேறும் பெருமாள்' நின்னுச்சே... எப்படி? பார்த்தவன் பார்க்காதவன்கிட்ட சொன்னான். திங்கள்கிழமை ஷோவைத் தூக்கினப்புறம் ஸ்டேட்டஸ்ல அழுது என்ன பிரயோஜனம்? வெள்ளிக்கிழமையே கிளம்புலே மக்கா!