ஊருக்குள்ள எந்தப் பக்கம், தம்பி?

திருச்சி - சென்னை பஸ்ஸில் போகிறவர்கள் எங்கள் ரஞ்சன்குடிக் கோட்டையை ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பீர்கள். அகழி, ஒன்றுக்குள் ஒன்றாக மதில். 1751-ல் வெள்ளைக்காரனும் பிரெஞ்சுக்காரனும் இந்தப் பக்கத்தில்தான் மோதிக்கொண்டார்கள். அன்றைக்கு உள்ளே நுழைய பீரங்கி வேண்டியிருந்தது. இன்றைக்கு ஆடுகூட நுழைந்துவிடுகிறது.

திருச்சியில் வாடகை வீடு அப்படியல்ல, சார்.

சில வருடங்களுக்கு முன் நானும் ஒரு நண்பனும் அங்கே ஒரே ஆபீசில் சேர்ந்தோம். பக்கத்து ஊர்க்காரன். அதே பி.காம்., அதே சம்பளம். (மாசக் கடைசியில் அதே கைமாற்று.) டூ-லெட் போர்டை முதலில் பார்த்தவன் அவன்தான். சனிக்கிழமை தலையைப் படிய வாரிக்கொண்டு போனான்.

வீட்டுக்கார அம்மா தங்கமானவர். தண்ணீர் கொடுத்தார். "எந்த ஊரு தம்பி?" சொன்னான். "ஊருக்குள்ள எந்தப் பக்கம்?"

பொய் சொல்லத் தெரியாத ஜென்மம். "காலனிங்க" என்றான்.

"அவரு வரட்டும், கேட்டுச் சொல்றேன்." சாயங்காலமே வீடு 'போய்'விட்டது.

புதன்கிழமை அந்தத் தெருவில் போனால் போர்டு அப்படியே தொங்குகிறது! சும்மா கேட்டுத்தான் பார்ப்போமே என்று படியேறினேன். அதே இரண்டு கேள்வி. "கோயிலுக்குப் பக்கத்துலங்க" என்றேன். காபியே வந்துவிட்டது.

இந்த மாதிரி இரண்டு பேரை அனுப்பிப் பார்ப்பதற்கு அமெரிக்காவில் அரசாங்கமே பணம் கொடுக்கிறது என்று பிற்பாடுதான் படித்தேன். வீடு தருவதில் பேதம் கூடாதென்று 1968-ல் சட்டம். சட்டத்தைப் படித்துவிட்டு எந்த வீட்டுக்காரர் திருந்தினார்? 1987-ல் தனியாக நிதி ஒதுக்கினார்கள். ஒரே வருமானக்காரர்கள் இரண்டு பேர், நிறம் மட்டும் வேறு, ஒரே கதவைத் தட்டுவார்கள். ஒருவருக்கு வீடு, இன்னொருவருக்குக் கையை விரித்தால், கேஸ். (2025-ல் அங்கேயும் பல அமைப்புகளுக்குப் பணத்தை நிறுத்தி, அதுவே கோர்ட்டுக்குப் போயிற்று.) நாங்கள் இதை ஓசியில் செய்து முடித்திருந்தோம்!

நம்ம அரசாங்கமும் செலவு செய்யாமல் இல்லை. 1998-ல் திருமங்கலம் பக்கம் மேலக்கோட்டையில் முதல் பெரியார் நினைவு சமத்துவபுரத்தைக் கலைஞர் திறந்தார். நூறு வீடு. ஆதிதிராவிடருக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மற்றவர்களுக்கு 10. எல்லோருக்கும் ஒரே சுடுகாடு. உயிரோடு இருக்கும்போது பக்கத்து வீடு, செத்தால் பக்கத்துக் குழி. இதைவிட யாரால் யோசிக்க முடியும்? 2022-ல்கூட விழுப்புரம் மாவட்டம் கொழுவாரியில் ஒன்று திறந்தார்கள். 2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல்லையே அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதல்வர் ஸ்டாலின் சட்டசபையில் அறிவித்தார்.

நல்ல காரியம்தான். ஆனால் என் பி.காம். புத்தி ஒரு கணக்குப் போடுகிறது. சமத்துவபுரம் அரசாங்கம் கட்டின வீடு. யாருக்குத் தரலாம் என்று அரசாங்கம் சொல்லலாம். டவுனுக்கு வேலைக்கு வருகிற பையன் தட்டுவது அந்தக் கதவையா? மாடி போர்ஷன் கதவை. அங்கே 'எந்தப் பக்கம்?' என்று கேட்பதைக் கண்டுபிடிக்க எந்த பட்ஜெட்டிலும் ஒரு தலைப்பைக் காணோம். பெரிய தொகையா ஆகும்? இரண்டு பேருக்கு பஸ் சார்ஜ், டீக் காசு, ஒரு வக்கீல் பீஸ். 'காலனி'யை ஆவணத்தில் அடிக்கலாம். அந்த அம்மாவின் ஆவணம் அவர் மனசுக்குள் அல்லவா இருக்கிறது!

சரி, அந்த வீடு என்ன ஆயிற்று என்கிறீர்களா?

நான்தான் குடிபோனேன். தண்ணீர் வசதி, பஸ் ஸ்டாப் பக்கம், அட்வான்ஸும் குறைச்சல். அவனிடம் சொன்னபோது, "நீயாவது எடுத்தியே, நல்லதாப் போச்சு" என்று டீக்கு அவன்தான் காசு கொடுத்தான். அப்புறம் எட்டு மாசம் தினமும் ஊரிலிருந்து பஸ்ஸில் வந்துபோனான். மூன்று வருஷம் அந்த வீட்டில் இருந்தேன். அவனை ஒருநாள்கூட வீட்டுக்குக் கூப்பிடவில்லை. அந்த அம்மா அவனை அடையாளம் கண்டுகொண்டால்?