நாற்காலிகள் எங்கே? உருவப்படங்களை வெட்டும் ஆய்வாளர்களுக்கு

அண்மையில் ஒரு கருத்தரங்கில், உருவப்படங்களை ஆய்வுச் சான்றாகக் கொள்வது பற்றிய அமர்வில், மூத்த பேராசிரியர் ஒருவர் கூறிய சொற்களே இந்தப் பதிவுக்குக் காரணம். “முகம் தெளிவாகத் தெரிந்தால் நமக்குப் போதும். சட்டகம், அமைப்பு என்பதெல்லாம் ஒளிப்படக் கலைஞர்களின் கவலை” என்றார் அவர். அரங்கில் பலர் தலையசைத்தனர். எழுந்து மறுக்க நான் தயங்கினேன். அவர்மீதுள்ள மரியாதை மட்டும் அதற்குக் காரணமன்று. சில ஆண்டுகளுக்கு முன்பு நானும் அவ்வாறே நம்பியவன்; அந்த நம்பிக்கையால் ஒருவருக்குத் தவறிழைத்தவன். அதை ஒப்புக்கொண்ட பிறகே வாதத்தைத் தொடங்குவது முறை.

முதுகலை ஆய்வேட்டுக்காக, ராமச்சந்திராபுரத்தில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் வீட்டுப் படங்களைத் தொகுத்தேன். பெல் தொழிற்சாலையை ஒட்டி வளர்ந்த இவ்வூரில் அத்தகைய குடும்பங்கள் பல உண்டு. அவற்றுள் ஒரு வீட்டில், ஒரு மூதாட்டி தம் திருமணத்தை அடுத்துத் திருச்சி ஸ்டூடியோ ஒன்றில் கணவருடன் எடுத்துக்கொண்ட படத்தைத் தந்தார். நான் அதை ஸ்கேன் செய்தேன். இடம் போதாமையால் இரு முகங்களை மட்டும் வெட்டியெடுத்து, பாஸ்போர்ட் படத்தின் அளவில் அச்சிட்டு, ‘புலம்பெயர்ந்த தமிழ்த் தம்பதியர், 1960கள்’ என்று அடிக்குறிப்பும் எழுதினேன். அச்சான ஏட்டை எடுத்துச் சென்று காட்டியபோது அவர் அந்தப் பக்கத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு, “நாற்காலி ரெண்டும் எங்க தம்பி?” என்று கேட்டார்.

அதன்பின் அவர் கூறியதை முதற்சந்திப்பிலேயே நான் கேட்டிருக்க வேண்டும். ஸ்டூடியோக்காரர் வழக்கம்போல் கணவரை அமரவைத்து, மனைவியை அருகில் நிற்கச் சொல்லியிருக்கிறார். கணவர் மறுத்திருக்கிறார். அங்கே படத்துக்கென்று இருந்தது கைப்பிடி வைத்த ஒரே நாற்காலி. பக்கத்துக் கடையிலிருந்து சாதாரண மர நாற்காலி ஒன்றை வாங்கி வந்து, அதில் தாம் அமர்ந்து, கைப்பிடி நாற்காலியை மனைவிக்குத் தந்திருக்கிறார். பொருந்தாத அந்த இரண்டு நாற்காலிகளே அப்படத்தின் வரலாறு. நான் வெட்டி எறிந்ததும் அவற்றைத்தான். எஞ்சிய இரு முகங்கள் எந்தத் தம்பதியருடையவையாகவும் இருக்கலாம்.

சட்டக அமைப்பு, அதாவது ஒளிப்படக்காரர்கள் காம்போசிஷன் என்று சொல்வது, படத்தின்மேல் பூசும் அழகு என்று நம் துறைகளில் பலர் கருதுகின்றனர். இந்தப் பிழையில் ஒளிப்பட மன்றங்களுக்கும் பங்குண்டு. அங்கே அமைப்பு என்றால் ‘மூன்றில் ஒரு பங்கு விதி’ என்றே கற்பிக்கப்படுகிறது. 1797இல் அப்பெயரை எழுத்தில் தந்த ஜான் தாமஸ் ஸ்மித், நிலக்காட்சி ஓவியங்களைப் பற்றியே அந்நூலில் பேசிக்கொண்டிருந்தார். வானத்துக்கும் நிலத்துக்கும் இடையிலான பங்கீட்டுக்காகச் சொன்னதை மனித முகத்தின் இலக்கணமாக்கிவிட்டோம். உருவப்படத்தில் அமைப்பு என்பது வேறு வகையான வினாக்களின் தொகுதி. கேமரா எந்த உயரத்தில் இருந்தது? எவ்வளவு தொலைவில்? யார் அமர்ந்தார், யார் நின்றார், யார் தரையில் இருத்தப்பட்டார்? பார்வை எங்கே செலுத்தப்பட்டது? எந்தப் பொருள் உள்ளே வந்தது, எது விளிம்புக்கு வெளியே தள்ளப்பட்டது? இவை ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் முடிவு செய்திருக்கிறார். அந்த முடிவை எடுத்தவர் யார் என்பது சமூக அறிவியலின் வினா.

‘முகம் போதும்’ என்ற கருத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. அது நமக்குப் பெருமை தருவதன்று. 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த ‘தி பீப்பிள் ஆஃப் இந்தியா’, மனிதர்களைச் சாதி, இனம் என்ற தலைப்புகளின்கீழ் மாதிரிகளாக வரிசைப்படுத்தியது. 1869இல் ஜான் லாம்ப்ரே, இரண்டு அங்குலச் சதுரங்களாக நூல் கட்டிய ஒரு சட்டத்தின் முன் மனித உடலை நிறுத்திப் படமெடுக்கும் முறையை முன்வைத்தார். 1880களில் பாரிஸ் காவல் துறையில் அல்ஃபோன்ஸ் பெர்ட்டியோன் நேர்முகம், பக்கமுகம் என்ற இரட்டைப் படத்தை நெறிப்படுத்தினார். நம் பக்கத்தில், சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் மனிதர்களின் மூக்கையும் மண்டையையும் அளந்தார். 1909இல் ரங்காச்சாரியின் துணையோடு ஏழு தொகுதிகளை வெளியிட்டார். இந்த முயற்சிகளின் நோக்கங்கள் வேறு வேறு. ஆயினும் படத்தில் இருப்பவர் தம்மை எப்படிக் காட்ட விரும்பினார் என்ற வினா இவற்றுள் எதற்கும் தேவைப்படவில்லை. வெற்றுப் பின்னணியும் நேர்ப்பார்வையும் ‘அமைப்பற்ற’ படங்கள் என்று எண்ணுவது தவறு. அவை மிகக் கண்டிப்பான அமைப்பு. முடிவெடுக்கும் உரிமை முழுவதும் ஒரு பக்கத்தில் குவிந்துவிட்ட அமைப்பு.

இதே ஹைதராபாத் மண்ணில் அதற்கு மாறான சான்றும் உண்டு. ஆறாம் நிஜாம் மஹபூப் அலி கானின் அரசவை ஒளிப்படக்காரர் லாலா தீன் தயாள் செகந்திராபாதில் ஸ்டூடியோ நடத்தினார். கோஷா காத்த பெண்களுக்கென 1892இல் தனி ஸ்டூடியோ ஒன்றைத் தொடங்கி, ஓர் ஆங்கிலேயப் பெண்மணியின் பொறுப்பில் விட்டார். கேமராவின் பின்னால் யார் நிற்கலாம் என்பதே அங்கே நிபந்தனையானது. வசதியும் தகுதியும் உள்ளவர்களால் அமைப்பைப் பேரம் பேச முடிந்தது என்பதை இது காட்டுகிறது. அதே தயாளின் நிறுவனம் 1902இல் வாரங்கல் அருகே நெகொண்டாவில் எடுத்த படத்தையும் பாருங்கள். வைஸ்ராய் கர்சனும் அவர் மனைவியும் நிற்கின்றனர்; முன்னால் சுடப்பட்ட புலி கிடக்கிறது. வேட்டைக்கு உழைத்த ஆட்கள் சட்டகத்தில் இல்லை. முகங்களை மட்டும் வெட்டியெடுத்தால் இந்தப் படம் யார் இல்லை என்பதையும் சொல்லாது, எதன்மேல் நின்று அதிகாரம் தன்னைக் காட்டிக்கொண்டது என்பதையும் சொல்லாது.

இதைப் பழங்கதை என்று ஒதுக்குவோருக்கு ஒரு செய்தி. 2021 ஊரடங்கின்போது இந்நகரத் தெருவில் ஒருவரை நிறுத்திய காவலர்கள், முகக்கவசத்தை அகற்றச் சொல்லி, அவர் மறுத்தும் படமெடுத்தனர் என்ற முறையீடு, முகமறிதல் தொழில்நுட்பத்துக்கு எதிரான பொதுநல வழக்காகத் தெலங்கானா உயர் நீதிமன்றத்தை அடைந்தது. அந்தத் தொழில்நுட்பத்துக்கும் முகம் போதும். நம் கைபேசியின் போர்ட்ரெயிட் முறையும், இருப்பவரின் வீட்டையும் தெருவையும் இரைச்சலாகக் கருதி மங்கலாக்குகிறது. அந்த மங்கலுடனேயே களப்பணிப் படங்களை ஆய்வேட்டில் ஒட்டுகிறோம்.

என்மீது இரண்டு மறுப்புகள் வரும். முதலாவது, தகவலாளரின் அடையாளத்தைக் காக்க வெட்டுதல் தேவை என்பது. ஏற்கிறேன். ஆனால் காக்கும் நோக்கத்துக்கு முகத்தை அல்லவா மறைக்க வேண்டும்? முகத்தை வைத்துக்கொண்டு சூழலை நீக்குவது அதற்கு நேர் எதிரானது. இரண்டாவது, ‘இந்தியச் சட்டக அமைப்பு’ என்ற ஒன்றைக் கொண்டாடும் பண்பாட்டுவாதம் இது என்பது. 1982இல் ஜூடித் மாரா கட்மன் அவ்வகையில் வாதிட்டு ஒரு நூல் எழுதினார். என் வாதம் அதுவன்று. திருச்சி ஸ்டூடியோக்காரரும் இந்தியர்தாம். அவர் வழக்கத்தை மறுத்தவரும் இந்தியர்தாம். அந்த இருவருக்கும் இடையே நிகழ்ந்த பூசலே எனக்கு முக்கியம்.

எனவே நான் கேட்பது எளிது. ஆய்வேட்டில் உருவப்படத்தை அட்டை, விளிம்பு, ஸ்டூடியோ முத்திரை ஆகியவற்றோடு முழுமையாக அச்சிடுங்கள். வெட்டினால், வெட்டியதாகக் குறிப்பிடுங்கள். மேற்கோளில் விடுபட்ட சொல்லுக்குப் புள்ளி வைக்கும் நாம், படத்தில் பாதியை விடும்போது மட்டும் ஏன் மௌனமாக இருக்கிறோம்? களத்தில் நீங்களே படமெடுத்தால், எங்கே அமர விரும்புகிறார், எது உடன் இருக்க வேண்டும் என்பதை அவரிடமே கேளுங்கள். வாய்மொழித் தேர்வில் அமர்பவர்கள், ‘இதில் இருப்பவர் யார்?’ என்பதோடு ‘இப்படி இருத்தியவர் யார்?’ என்றும் கேளுங்கள்.

அந்த மூதாட்டியின் படத்தை முனைவர் பட்ட ஆய்வேட்டில் ஒரு முழுப் பக்கத்தில் இப்போது சேர்த்திருக்கிறேன். அடிக்குறிப்பு அவர் சொல்லச் சொல்ல எழுதியது. பக்க வரம்பு கருதிப் படத்தைச் சிறிதாக்கும்படி எனக்குக் குறிப்பு வந்திருக்கிறது. மறுத்து எழுதவிருக்கிறேன். இந்தப் பதிவு அந்த மறுப்பின் முதல் வரைவு. திருத்தங்கள் இருந்தால் சொல்லுங்கள்.